ஊரோடு ஊராக வாழ்ந்து உலகைச் சுற்றலாமா? கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"எங்கே தங்கப் போறீங்க?"

விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி கேட்ட சாதாரணக் கேள்வி அது. அப்போது எனக்கு வயது 27.

"ஒரு பண்ணையில. தோட்ட வேலையில உதவி செய்வேன். சாப்பாடும் தங்க இடமும் அவங்க தந்துருவாங்க" என்று சிரித்த முகத்தோடு சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த இரண்டு மணி நேரம் தனி அறையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் உள்ளே விட்டார்கள். ஆனால் பண்ணைக்குப் போகக்கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள். மூன்று மாதத் திட்டம், பத்து நாள் ஹோட்டல் வாசமாக முடிந்தது. பணமும் கரைந்தது.

தவறு என்னுடையதுதான். சுற்றுப்பயணி என்று சொல்லி இறங்கிவிட்டு, வேலை செய்யப் போவதாக நானே வாயைத் திறந்து சொல்லியிருக்கிறேன். சம்பளம் வாங்காவிட்டாலும் பல நாடுகளில் அது வேலைதான் என்பது அன்று எனக்குத் தெரியாது.

அந்த அறையில் நீங்கள் உட்காரக்கூடாது என்பதற்காகத்தான் இந்த விளக்கம்.

இது என்ன வகைப் பயணம்?

இரண்டு வாரத்தில் ஐந்து நாடு, பத்து நகரம், நூறு படம். இது நமக்குப் பழகிய சுற்றுலா.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஒரே ஊரில் ஒரு மாதம், மூன்று மாதம், சில நேரம் அரையாண்டுகூடத் தங்குவது. அந்த ஊர்ச் சந்தையில் காய்கறி வாங்குவது, அவர்களோடு சமைப்பது, அறுவடைக்குக் கைகொடுப்பது. பிறகு அடுத்த ஊர். இப்படியே ஓராண்டு, ஈராண்டு உலகைச் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

இது சமூக ஊடகம் கண்டுபிடித்த புதுமை என்று நினைத்துவிடாதீர்கள்.

- 1949: டென்மார்க்கில் 'செர்வாஸ்' தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வெவ்வேறு நாட்டு மக்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிப் பழகினால் பகை குறையும் என்பது அதன் எண்ணம்.
- 1971: இங்கிலாந்தில் 'வூஃப்' தொடங்கியது. லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பர்ட், வார இறுதியில் நகரத்தைவிட்டு வெளியேறி இயற்கை வேளாண் பண்ணையில் உதவ வழி தேடினார். இன்று அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது.
- 2002: 'வொர்க்அவே' இணையத்தளம் வந்தது. பண்ணை மட்டுமில்லாமல் தங்கும் விடுதி, குடும்ப வீடு, பள்ளி என்று எல்லா வகை இடங்களும் அதில் உண்டு.
- 2004: 'கவுச்சர்ஃபிங்' தளம் அறிமுகமானது. தெரியாதவர் வீட்டு சோஃபாவில் படுத்துக்கொள்வதை அது உலகப் பழக்கமாக்கியது.

எல்லாமே ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் சட்டத்தின் கண்ணிலும் ஊரார் கண்ணிலும் அவை ஒன்றில்லை. ஓர் ஊருக்குள் நுழைய மூன்று வழி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழி 1: காசு கொடுத்துத் தங்கும் விருந்தாளி

மூன்றிலும் எளிது இது. ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்குகிறீர்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் கொடுக்கிறீர்கள்.

பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மலேசியாவின் ஹோம்ஸ்டே திட்டம் 1995இல் பகாங் மாநிலத்தின் தெமர்லோவில் தொடங்கியது. அங்கே 'ஹோம்ஸ்டே' என்று அதிகாரபூர்வமாகப் பதிவாகவேண்டுமென்றால், வீட்டுக்காரரும் அதே வீட்டில் வாழவேண்டும். விருந்தாளி அவர்களோடு சேர்ந்து சாப்பிட்டு, ஊர் வாழ்க்கையில் கலந்துகொள்ளவேண்டும். இணையத்தில் ஹோம்ஸ்டே என்று விளம்பரம் செய்யப்படும் காலியான அடுக்குமாடி வீடு வேறு, இது வேறு.

சரவாக்கின் பாரியோவை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், கெலாபிட் மக்கள் வாழும் மலைப்பகுதி. மிரியிலிருந்து சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். விமானம் ரொம்பச் சின்னது என்பதால் பெட்டியோடு சேர்த்து உங்களையும் எடை போடுவார்கள். சாலை வழி போனால், மரம் வெட்டுவதற்காகப் போட்ட மண்பாதையில் பத்து மணி நேரத்துக்கும் மேல் குலுங்கிக்கொண்டே போகவேண்டும்.

அங்கே நெல் ஆண்டுக்கு ஒரு போகம்தான். பாரியோ அரிசிக்கு விலை அதிகம் என்பதற்கு அது ஒரு காரணம். உப்பை ஊற்று நீரைக் காய்ச்சி எடுக்கிறார்கள். முதல் குழந்தை பிறந்ததும் பெற்றோர் தங்கள் பெயரையே மாற்றிக்கொண்டு ஊருக்கு விருந்து வைக்கிறார்கள். ஒரு நாள் பயணத்தில் இதையெல்லாம் நீங்கள் கேள்விப்பட மாட்டீர்கள். ஒரு வாரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தால் அவர்களாகவே சொல்வார்கள்.

கவனிக்கவேண்டியவை:

- சரவாக்கிற்குத் தனிக் குடிநுழைவு விதிகள் உண்டு. தீபகற்ப மலேசியாவிலிருந்து போனாலும் மீண்டும் சோதனை இருக்கும்.
- சிங்கப்பூரர்கள் மலேசியாவில் விசா இல்லாமல் பொதுவாக 30 நாள்வரை தங்கலாம்.
- காட்டுப்பன்றி இறைச்சி அங்கே வழக்கமான உணவு. நீங்கள் முஸ்லிமோ சைவமோ, முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். தட்டு முன்னால் வந்த பிறகு சொன்னால் இரு தரப்புக்கும் சங்கடம்.

காசு கொடுத்துத் தங்குவதில் என்ன பெருமை என்று சிலர் நினைப்பதுண்டு. யோசித்துப் பாருங்கள். அந்தப் பணம் நேராக ஒரு குடும்பத்தின் கையில் சேர்கிறது. நீங்கள் சுற்றுப்பயணியாகவே இருப்பதால் விசா சிக்கலும் இல்லை. கைமாறாக எதையோ செய்துகொடுக்கவேண்டும் என்ற நெருக்கடியும் இல்லை.

வழி 2: உழைப்புக்குச் சாப்பாடும் படுக்கையும்

வூஃபும் வொர்க்அவேயும் இந்த வகை. வூஃப் பண்ணைகளில் வழக்கமாக நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் வேலை. வொர்க்அவேயில் வாரத்துக்கு 5 நாள், சுமார் 25 மணி நேரம் என்பது பொதுவான அளவு. பதிலுக்கு உணவும் தங்குமிடமும். பணம் கைமாறாது. உறுப்பினர் கட்டணம் மட்டும் உண்டு.

நான் மாட்டிக்கொண்டது இதில்தான். "சம்பளமே வாங்கலையே, இது எப்படி வேலை?" என்று நீங்களும் கேட்கலாம். விடை, நாட்டுக்கு நாடு மாறுகிறது.

- நியூசிலாந்து: பணமாக மதிப்பிடக்கூடிய எந்தப் பலனைப் பெற்றாலும் அது வேலை. இலவச உணவும் தங்குமிடமும் அதில் அடங்கும். எனவே வேலை செய்ய அனுமதிக்கும் விசா வேண்டும்.
- ஆஸ்திரேலியா: சுற்றுப்பயண விசாவில் தொண்டூழியம் செய்யலாம், சில நிபந்தனைகளோடு. பயணத்தின் முக்கிய நோக்கம் சுற்றுலாவாக இருக்கவேண்டும். ஆஸ்திரேலியர் ஒருவர் சம்பளத்துக்குச் செய்யக்கூடிய வேலையாக அது இருக்கக்கூடாது. உணவும் தங்குமிடமும் பெற்றுக்கொள்ளலாம்.
- பிரிட்டன்: வருகையாளர் பதிவுபெற்ற அறநிறுவனத்தில் மொத்தம் 30 நாள்வரை தொண்டூழியம் செய்யலாம். தனியார் பண்ணை அறநிறுவனம் ஆகாது.

மூன்று நாடு, மூன்று விதி. "அங்கே போனவங்க யாருக்கும் பிரச்சினை வரலையே" என்று நண்பர் சொல்வதை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். பிரச்சினை வராதவர்கள்தான் படம் போடுவார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் போடமாட்டார்கள். ஒரு நாட்டில் நுழைவு மறுக்கப்பட்டால், அடுத்த முறை வேறு நாட்டு விசா படிவத்தில் "உங்களுக்கு எப்போதாவது நுழைவு மறுக்கப்பட்டதுண்டா?" என்ற கேள்விக்கு நீங்கள் 'ஆம்' என்று எழுதவேண்டியிருக்கும்.

நேர்வழி இருக்கிறதா? இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் 'வேலையும் விடுமுறையும்' விசா சிங்கப்பூரர்களுக்கும் மலேசியர்களுக்கும் உண்டு. வயது 18 முதல் 30 வரை. கல்வித் தகுதியும் ஆங்கிலத் திறனும் பார்ப்பார்கள். இந்த விசாவில் பண்ணையில் சம்பளத்துக்கே வேலை செய்யலாம். 31ஆவது பிறந்தநாளுக்கு முன்பே விண்ணப்பிக்கவேண்டும் என்பதால், யோசித்துக்கொண்டிருப்பவர்கள் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி 3: கூட்டுவாழ்க்கைச் சமூகங்கள்

ஒரே கொள்கையை நம்பும் மக்கள் சேர்ந்து உருவாக்கிய ஊர்கள் இவை. ஸ்காட்லாந்தின் ஃபின்ட்ஹார்ன் (1962), அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள டுவின் ஓக்ஸ் (1967), போர்ச்சுகலின் தமேரா (1995) ஆகியவை பலருக்குத் தெரிந்த பெயர்கள்.

டுவின் ஓக்ஸில் வருமானம் பொது. ஒவ்வொருவரும் வாரத்துக்குச் சுமார் 40 மணி நேரம் வேலை செய்கிறார்கள். சமையல், பிள்ளை பராமரிப்பு, தோட்ட வேலை எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். அங்கே வாழ விரும்புபவர் முதலில் மூன்று வார வருகைத் திட்டத்தில் சேரவேண்டும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்த வகையில் கூடுதல் வாய்ப்பு ஓரிடத்தில் இருக்கிறது: புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள ஆரோவில்.

1968 பிப்ரவரி 28ஆம் தேதி, 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த மண்ணை ஒரு கலசத்தில் இட்டுத் தொடங்கிய ஊர் அது. அன்று பெரும்பகுதி வறண்ட செம்மண் மேடு. இன்று காடு. பல பத்தாண்டுகள் மரம் நட்டவர்களின் உழைப்பு அது. தற்போது ஏறக்குறைய 60 நாடுகளைச் சேர்ந்த 3,000க்கும் அதிகமானோர் அங்கே வாழ்கிறார்கள். காடு வளர்ப்பு, கட்டுமானம், கல்வி, வேளாண்மை என்று பல பிரிவுகளில் தொண்டூழியர்கள் சேரலாம். தங்கும் செலவைப் பெரும்பாலும் நீங்களே ஏற்கவேண்டும்.

ஆரோவில்லுக்கு உள்ளே ஆங்கிலமும் பிரெஞ்சும் அதிகம் கேட்கும். ஆனால் அந்த ஊரை நடத்த, சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தினமும் வேலைக்கு வருகிறார்கள். குயிலாப்பாளையம் தேநீர்க் கடையில் நின்று "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டாலே போதும். தமிழ் தெரியாத வெளிநாட்டவர் ஓராண்டு தங்கினாலும் கேட்காத கதைகளை நீங்கள் ஒரு மாலையில் கேட்கலாம். நில விலை, வேலை வாய்ப்பு, பழைய உரசல்கள், நட்புகள் எல்லாம் வரும்.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. இந்தச் சமூகங்கள் சொர்க்கமில்லை. 2021 டிசம்பரில் வட்டச் சாலை ஒன்றுக்காக ஆரோவில்லில் மரங்கள் வெட்டப்பட்டபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. விவகாரம் நீதிமன்றம்வரை போனது. ஃபின்ட்ஹார்ன் அறநிறுவனம் நிதி நெருக்கடியால் 2023இல் தன் பயிலரங்குகளை நிறுத்தியது. ஐந்தாண்டுக்கு முந்தைய வழிகாட்டி நூலை நம்பிக் கிளம்பாதீர்கள். நீங்கள் படித்த ஊர் இன்று அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இந்தியாவுக்குச் சிங்கப்பூரர்களுக்கு விசா தேவை. சில வாரத் தொண்டூழியத்துக்கும் பல மாதத் தங்கலுக்கும் விசா வகை மாறும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை, சேரப்போகும் பிரிவிடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் தங்கலாம்?

இதைக் கணக்கிடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஐரோப்பாவின் ஷெங்கன் வட்டாரத்தில் 29 நாடுகள் இருக்கின்றன. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் மொத்தம் 90 நாள்தான். நாட்டுக்கு 90 நாள் கிடையாது. வட்டாரம் முழுவதற்கும் சேர்த்து 90 நாள். போர்ச்சுகலில் இரண்டு மாதம் இருந்துவிட்டு இத்தாலிக்குப் போனால் உங்களிடம் மீதம் ஒரு மாதம்தான்.

2025 அக்டோபர் முதல் அங்கே கடப்பிதழில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையையும் முகத்தையும் பதிவுசெய்யும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. "முத்திரை தெளிவா இல்லீங்க" என்று தப்பிக்க இனி வழியில்லை. கூடுதலாகத் தங்கிய நாள்களைக் கணினியே சொல்லிவிடும்.

தாய்லாந்து 2024இல் அறிமுகம் செய்த நீண்டகால வருகை விசா ஐந்தாண்டுக்குச் செல்லும். ஒவ்வொரு முறையும் 180 நாள்வரை தங்கலாம். இணையம்வழி வேலை செய்பவர்களும், தாய் சமையல் அல்லது முவே தாய் கற்க வருபவர்களும் விண்ணப்பிக்கலாம். வங்கியில் 500,000 பாட் இருப்பதைக் காட்டவேண்டும்.

செலவு குறையுமா?

ஒரு வகையில் குறையும். நீண்ட பயணத்தில் பணத்தை அதிகம் விழுங்குவது விமானச் சீட்டும் ஹோட்டலும். ஓராண்டில் 12 நாடுகளுக்குப் பறப்பவரையும், 4 நாடுகளில் மூன்று மூன்று மாதம் வாழ்பவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாமவர் வாங்கும் விமானச் சீட்டு மிகக் குறைவு. சமைத்துச் சாப்பிடுவதால் உணவுச் செலவும் இறங்கும்.

ஆனால் சிங்கப்பூரில் ஓடிக்கொண்டிருக்கும் செலவு நிற்காது. ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்:

- வீட்டுக் கடன் தவணை
- காப்புறுதிச் சந்தா
- பெற்றோருக்கு மாதாமாதம் தரும் பணம்
- கல்விக் கடன்
- கைத்தொலைபேசிக் கட்டணம்

இதை 12ஆல் பெருக்குங்கள். அதுதான் நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே கையில் இருக்கவேண்டிய தொகை. திரும்பி வந்து வேலை தேடும் காலத்துக்கு இன்னும் சில மாதச் செலவையும் தனியாக ஒதுக்கிவையுங்கள். அந்தப் பணத்தைப் பயணத்தில் தொடாதீர்கள்.

"வீட்டை வாடகைக்கு விட்டுட்டுப் போகலாமே?" வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விட, குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்கவேண்டும், கழகத்தின் அனுமதியும் வேண்டும். நிரந்தரவாசிகள் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது.

உடம்புக்கு ஏதாவது ஆனால்?

மெடிஷீல்ட் லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்கு உதவாது. பயணக் காப்புறுதி கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்.

1. ஒரே பயணம் எத்தனை நாள்வரை செல்லும்? ஆண்டு முழுவதற்குமான காப்புறுதி என்று எழுதியிருந்தாலும், ஒரு பயணத்துக்கு 90 நாள் போன்ற வரம்பு இருக்கலாம்.
2. உடலுழைப்பின்போது அடிபட்டால் பணம் கிடைக்குமா? ஏணி, ரம்பம், டிராக்டர் என்றால் பல காப்புறுதிகள் கையை விரித்துவிடும்.
3. மோட்டார்சைக்கிள் ஓட்டலாமா? உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பொதுவாக ஒரு காசும் வராது.

கிராம வாழ்க்கையில் நாய்கள் இருக்கும். சரவாக்கில் 2017 முதல் வெறிநாய்க்கடிப் பரவல் இருந்துவருகிறது. பாலியிலும் அந்த நோய் உண்டு. நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும் உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். "சின்னக் கீறல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். அறிகுறி தெரிந்த பிறகு அந்த நோய்க்குக் கிட்டத்தட்ட மருந்தே இல்லை.

ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா போகிறீர்கள் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவைப்படலாம். போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். பிறகு ஆயுள் முழுதும் செல்லும்.

நீங்கள் போவதால் அந்த ஊருக்கு நல்லதா?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் பயணம் போகலாம். ஆனால் போகக்கூடாது.

'ஆதரவற்றோர் இல்லத்தில் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள்' என்ற விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கம்போடியாவில் 2011இல் அரசாங்கமும் யுனிசெஃப்பும் வெளியிட்ட ஆய்வு சொன்னது இது: இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார். வெளிநாட்டவர் தரும் நன்கொடையும் வருகையும் இத்தகைய இல்லங்கள் பெருக ஒரு காரணமாகிவிடுகின்றன. மாதம் ஒரு முறை புதிய அக்கா, புதிய அண்ணன் வந்து பாசம் காட்டிவிட்டுப் போனால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

உங்கள் பின்னணியைச் சரிபார்க்காமலேயே பிள்ளைகளோடு தங்க அனுமதிக்கும் இடம் எதுவாக இருந்தாலும் போகாதீர்கள். உங்களை அவ்வளவு எளிதாக உள்ளே விடுபவர்கள், வேறு யாரையும் விடுவார்கள்.

மற்ற வேலைகளுக்கும் ஓர் எளிய சோதனை உண்டு. 'நான் வராவிட்டால் இதற்கு உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் கூலி கொடுத்திருப்பார்களா?' விடை 'ஆம்' என்றால், உங்கள் இலவச உழைப்பு யாரோ ஒருவரின் சம்பளத்தைச் சாப்பிடுகிறது. தங்கும் விடுதியில் நாளெல்லாம் படுக்கை விரிப்பு மாற்றும் 'தொண்டூழியம்' பெரும்பாலும் இந்த ரகம்தான்.

இடம் சரியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிளம்பும் முன் வீட்டுக்காரரிடம் காணொளி அழைப்பில் பேசுங்கள். கேட்கவேண்டியவை:

- நாளுக்கு எத்தனை மணி நேரம்? வாரத்துக்கு எத்தனை நாள் ஓய்வு?
- அறை தனியா, பகிர்வதா? கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா?
- அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள்?
- பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம்? நான் தனியாகப் போகப் பேருந்து இருக்கிறதா?
- இதற்கு முன் தங்கியவர்கள் இருவரிடம் நான் பேசலாமா?

கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். தனியாகப் போகும் பெண்கள், முன்பு தங்கிய பெண் ஒருவரிடம் பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கடப்பிதழை 'பாதுகாப்பா வச்சுக்கிறேன்' என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அங்கே போனபிறகு சொன்னதற்கும் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்றால், கிளம்பிவிடுங்கள். ஒரு வார ஹோட்டல் செலவையும் ஒரு விமானச் சீட்டின் விலையையும் தொடாத பணமாக வைத்திருந்தால்தான் அப்படிக் கிளம்ப முடியும்.

நல்ல இடமாக இருந்தால்? அப்போதும் ஓர் எல்லை உண்டு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான்காம் நாள் பாத்திரம் கழுவத் தொடங்குங்கள். யாரையும் படம் எடுக்குமுன் கேளுங்கள். துக்க வீடு, வழிபாடு, குளிக்கும் இடம் ஆகியவற்றில் கைத்தொலைபேசி பைக்குள் இருக்கட்டும்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் முன்

- கடப்பிதழ் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகவேண்டும். நீண்ட பயணம் என்றால் முன்கூட்டியே புதுப்பித்துவிடுங்கள்.
- தேசிய சேவைக் கடமை உள்ள ஆண்கள் நீண்ட நாள் வெளிநாட்டில் தங்குமுன் தற்காப்பு அமைச்சின் விதிகளைப் பார்த்து, தேவையான அனுமதியைப் பெறவேண்டும். அனுமதியின்றித் தங்குவது குற்றம்.
- வெளியுறவு அமைச்சின் இணையப் பக்கத்தில் பயணத்தைப் பதிவுசெய்யுங்கள். எல்லா நாட்டிலும் நமக்குத் தூதரகம் இல்லை.
- வேலை இல்லாத காலத்தில் மத்திய சேமநிதிக்குப் புதிய சந்தா சேராது. இருப்பதற்கு வட்டி தொடரும். மெடிஷீல்ட் லைஃப் சந்தா மெடிசேவ் கணக்கிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.
- வேலையை விடுவதற்கு முன், சம்பளமில்லா நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதால் எதுவும் குறைந்துவிடாது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பலர் இதை விமானச் சீட்டு வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். "நல்ல வேலையை விட்டுட்டு அடுத்தவன் தோட்டத்துல போய் புல்லுப் புடுங்கப் போறியா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தலைமுறைக்கு அது நியாயமான கேள்வி. அதற்குக் கோபப்படாதீர்கள்.

தங்கும் ஒவ்வோர் இடத்தின் முகவரி, வீட்டுக்காரரின் எண், காப்புறுதிப் பத்திரத்தின் நகல் மூன்றையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று முடிவுசெய்து அழையுங்கள். பெற்றோருக்கு வயதாகிவிட்டதென்றால், அவசரம் வந்தால் இரண்டு நாளில் வீடு திரும்பக்கூடிய ஊர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் எங்கே?

ஓராண்டுத் திட்டத்தை இன்றே போடவேண்டாம். அடுத்த ஆண்டு விடுப்பில் இரண்டு வாரத்தை ஒதுக்குங்கள். பக்கத்து நாட்டில் ஒரே ஒரு கிராமம், பதிவுபெற்ற ஒரு வீடு, காசு கொடுத்துத் தங்கும் விருந்தாளியாகப் போய்ப் பாருங்கள்.

மூன்றாம் நாள் இணையம் வராது. ஐந்தாம் நாள் சலிப்பு வரும். எட்டாம் நாள் காலையில் வீட்டுக்காரப் பாட்டி உங்களைக் கேட்காமலேயே சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். அந்தப் பத்து, பதினான்கு நாளில் உங்களுக்குப் பிடித்தது எது, தாங்கவே முடியாதது எது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துவாருங்கள்.

ஓராண்டுக்குக் கிளம்பலாமா என்று முடிவுசெய்ய அந்தத் தாள் உங்களுக்குப் போதும். அப்படிக் கிளம்பும் நாளில், "எங்கே தங்கப் போறீங்க?" என்று அதிகாரி கேட்டால், சரியான விசாவோடு, உள்ளதை உள்ளபடி, பயமில்லாமல் சொல்லலாம்.